மேங் சாரும் மழையில் கிடந்த வகுப்பும்

மேங் கிசோப் சாருக்கு மாணவர்கள் வைத்த பெயர் வெறிநாய். அவருக்கும் அது தெரியும். கழிப்பறைச் சுவரில் யாரோ அந்தப் பெயரை எழுதி, கீழே பல்லிளிக்கும் நாய் ஒன்றையும் வரைந்திருந்தான். "நாய் நல்லாத்தான் இருக்கு, காதுதான் பெருசாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, வரைந்தவனைக் கண்டுபிடித்து நாலு போட்டார்.

தென்கொரியாவின் மோக்போ துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் நிற்கும் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் அவர் கணக்கு வாத்தியார். மாணவர் ஒழுங்கும் அவர் பொறுப்புதான். பில்லியர்ட்ஸ் கோலைப் பாதியாக அறுத்து, பிடிக்கு நீல டேப் சுற்றி வைத்திருந்தார். அந்தக் கம்போடு தினமும் காலையில் வாசலில் நிற்பார். முடி காதைத் தொட்டால் ஒன்று. பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறினால் ஒன்று. தாமதமாக வந்தால் காதைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றித் தவளை நடை. இதற்காக எந்தப் பெற்றோரும் சண்டைக்கு வந்ததில்லை. "நல்லாப் போடுங்க சார், மனுஷனாக்கி விடுங்க" என்று கணவாய் மீன் கொடுத்தனுப்பியவர்கள்தான் உண்டு.

நான் அங்கே முதலுதவி அறை ஆசிரியை. அவர் வாசலில் போட்டது அரை மணி நேரத்தில் என் கதவைத் தட்டும். களிம்பு தடவி அனுப்புவேன். மதியம் அவரே வந்து எட்டிப் பார்ப்பார்.

"பியோ டீச்சர், அந்த உயரமான பையன் வந்தானா? வீங்கலையே?"

"அடிக்கும்போதே கேட்டிருக்கலாமே சார்."

"அடிக்கும்போது கேட்டா அடிக்க முடியாதே" என்பார். சிரிக்கமாட்டார்.

அவருக்கு ஒரே மகள், சோல்மி. நடுநிலைப் பள்ளியில் சேர்ந்த முதல் வருடம், கையெழுத்து மோசம் என்று ஒரு வாத்தியார் அவள் கெண்டைக்காலில் அடித்து அனுப்பினார். மேங் சார் அன்று தன் மகளின் காலுக்குத் தானே களிம்பு போட்டார். பத்தாண்டாகப் பிறர் பிள்ளைகளின் காலில் பார்த்த அதே நிறம். அவரும் அவளை ஒரு தடவை அடித்தவர்தான், டியூஷனுக்குப் போனதாகப் பொய் சொன்னதற்காக. ஆனால் இன்னொருவன் கை பட்ட அடையாளத்தை அவரால் பார்க்க முடியவில்லை. அந்த வருடமே அவளை அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த மனைவியின் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஆசிரியர் அறையில் இதை விடுவார்களா? வரலாற்று வாத்தியாரின் மகன் எங்கள் பள்ளியிலேயே படித்தான். அவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "எங்க பிள்ளைங்களுக்குக் கம்பு, உங்க பொண்ணுக்கு மட்டும் அமெரிக்காவா?"

மேங் சார் காப்பியைக் குடித்து முடித்தார். "வீட்டுக்காரி ஆசைப்பட்டா" என்றார். அது பொய் என்று எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாயிரத்து எட்டு, பிப்ரவரி. எங்கள் பள்ளிக்கு விடுமுறை. அமெரிக்காவிலிருந்து போன் வந்தது. சோல்மியைப் பள்ளியைவிட்டு நிறுத்திவிட்டார்கள். பத்து நாள் வீட்டில் இருக்க வேண்டும், அதன்பிறகு விசாரணை. மேங் சார் அன்றே டிக்கெட் போட்டார். அங்கே நடந்ததில் பாதியை அவர் எனக்குச் சொன்னார், மீதியைப் பிறகு சோல்மி சொன்னாள்.

ஒரு பெண் பல மாதங்களாகச் சோல்மியைப் பார்த்துக் கண்ணை இழுத்துக் காட்டிக் கேலி செய்திருக்கிறாள். ஒருநாள் முடியைப் பிடித்து இழுத்தாள். சோல்மி திரும்பித் தள்ளினாள். அந்தப் பெண் இரும்பு அலமாரியில் மோதி முன்பல் உடைந்தது. யார் தொடங்கினார்கள், யார் எத்தனை மாதம் பொறுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சண்டை என்றால் இரண்டு பேருக்கும் ஒரே தண்டனை, விதி அப்படி. சோல்மி பத்து நாளும் பெரியம்மா வீட்டு மாடி அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பகலில் அந்தத் தெருவில் ஒரு மனிதர்கூட நடக்கமாட்டார். பள்ளியிலிருந்து யாரும் வந்து பார்க்கவுமில்லை, திட்டவுமில்லை.

விசாரணை நாளில் மேங் சார் கோட்டு டை போட்டுக்கொண்டு போனார். நடைபாதையில் இடுப்பில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். பள்ளிக்கூடத்துக்குள் துப்பாக்கியை அவர் அன்றுதான் பார்த்தார். உள்ளே துணைத் தலைமையாசிரியை சிரித்துக் கைகொடுத்து, தண்ணீர் தந்து, உட்காரச் சொன்னார். பக்கத்தில் ஆலோசகர் என்று இன்னொரு அம்மா. யாரும் குரலை உயர்த்தவில்லை. அதுதான் மேங் சாருக்குப் பயமாக இருந்தது. முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. இந்த வருடம் முழுக்க சோல்மி ஒழுங்கு கெட்ட பிள்ளைகளுக்கான வேறொரு பள்ளிக்குப் போக வேண்டும்.

மேங் சார் எழுந்து நின்றார். முதுகு வளைய வணங்கினார். மொழிபெயர்ப்புக்கு வந்திருந்த மனைவியின் அக்காவிடம் சொன்னார்:

"அக்கா, இவங்ககிட்ட சொல்லுங்க. தப்பு என் பொண்ணு மேலதான். வேணும்னா அடிக்கச் சொல்லுங்க. என் முன்னாடியே அடிக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா நாளைக்கு வகுப்புல உட்கார விடச் சொல்லுங்க."

அக்காவுக்கு முகம் வெளிறிப்போனது. "தம்பி, அதை இங்க சொல்லக்கூடாது" என்று முணுமுணுத்துவிட்டு, ஆங்கிலத்தில் அவர்களிடம் "நன்றி சொல்கிறார்" என்றாள்.

சோல்மிக்கு இரண்டு மொழியும் தெரியும். பத்து நாள் யாரிடமும் பேசாமல் இருந்தவள். "பெரியம்மா தப்பாச் சொல்றாங்க" என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். "என்னை அடிக்கச் சொல்லி எங்கப்பா உங்களைக் கெஞ்சறாரு."

அறையின் நிலையே மாறிவிட்டது. சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் வேறாகிவிட்டது என்றார் மேங் சார். ஆலோசகர் அம்மா எழுந்து சோல்மியின் தோளைத் தொட்டு, பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். மேங் சாரை நடைபாதையில் காத்திருக்கச் சொன்னார்கள். போலீஸ்காரர் இரண்டடி தள்ளி வந்து நின்றார். 

"தம்பி, வாயை மூடிக்கிட்டு நில்லு. கையைப் பையில விடாத" என்றாள் அக்கா. "அப்பன் அடிப்பான்னு அவ ஒரு வார்த்தை சொன்னா, பிள்ளையை இன்னைக்கே எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க."

"யாரு எடுத்துக்கிட்டுப் போவா?"

"அரசாங்கம்."

மோக்போவில் அவர் தொண்டையைச் செருமினாலே ஒரு மைதானம் முழுக்க அடங்கும். அந்த மனிதர் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். உள்ளே அந்த ஆலோசகர் அம்மா அவருடைய மகளிடம் மெதுவான குரலில் என்ன கேட்கிறாள் என்பது மட்டும் அவருக்கு மொழி தெரியாமலே தெரிந்தது.

கதவு திறந்தது. சோல்மி தனியாக வந்தாள். மூவரும் காரில் ஏறினார்கள்.

"என்ன கேட்டாங்க?"

"வீட்ல உன்னை அடிப்பாங்களான்னு."

"என்ன சொன்ன?"

"இல்லேன்னு சொன்னேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அங்க இருந்து எங்கேயாவது தனியாக் கொண்டுபோய் வச்சிருவாங்கன்னு பயந்துட்டேன். உங்களுக்காக இல்ல."

அந்த வாரமே அவளை ஊருக்குக் கூட்டி வந்துவிட்டார். மார்ச்சில் சோல்மி எங்கள் பள்ளியிலேயே முதலாம் ஆண்டில் சேர்ந்தாள். பெயர்ப்பட்டையில் 'மேங்' என்ற குடும்பப் பெயரைப் பார்த்ததும் வகுப்பு புரிந்துகொண்டது. வெறிநாய்க்குட்டி என்று பெயர் வந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. "குட்டி கடிக்காதுன்னு யாரு சொன்னா?" என்று திருப்பிக் கேட்டதில் நாலைந்து பேர் சிநேகிதமாகக்கூட ஆனார்கள். வகுப்புத் தலைவி உன்சே தன் பக்கத்து இடத்தைக் கொடுத்தாள். உன்சே மீன் சந்தைக்காரியின் மகள். எடுத்தெறிந்து பேசுவாள், எல்லாரும் அவள் சொல்வதைக் கேட்பார்கள். பள்ளியிலேயே நடக்கும் இரவுப் படிப்பு முடிந்து எல்லாரும் கூட்டமாக இறங்கிப் போகையில் சோல்மியும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். வாசலில் அப்பா நின்றால் மற்றவர்களைப்போலவே குனிந்து வணங்கி, "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவரும் அவள் பாவாடை நீளத்தைப் பார்ப்பார்.

ஜூனில் கம்பு காணாமல் போனது.

ஆசிரியர் அறை மூலையில் சாத்தியிருந்த கம்பைச் சோல்மியின் வகுப்பில் யாரோ எடுத்து, மாடியிலிருந்து பின்பக்கத்துப் பாறைச் சரிவில் வீசிவிட்டார்கள். அந்த வகுப்புக்குள் ஓடியதைத் துப்புரவுக்காரர் பார்த்திருக்கிறார், முகம் தெரியவில்லையாம். மேங் சார் முழு வகுப்பையும் மைதானத்தில் இறக்கினார். எல்லாரையும் கைகளை ஊன்றி, தண்டால் எடுப்பவர்போல முதுகு நிமிர்ந்து, தரையைப் பார்த்துக் கிடக்கச் சொன்னார்.

"யாருன்னு தெரியறவரைக்கும் இப்படியே. ஒருத்தன் செஞ்சது எல்லாரும் செஞ்சதுதான்."

மழைக்காலம் தொடங்கியிருந்தது. தூறல் வலுத்தது. மைதானத்தை ஒட்டிய என் அறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுகள் நடுங்கத் தொடங்கின. ஒருத்தி சரிந்தால் பக்கத்தில் இருந்தவள் தோளைக் கொடுத்து முட்டுக்கொடுத்தாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாருக்கும் ஆளைத் தெரியும் என்பது அந்த மௌனத்திலேயே தெரிந்தது.

அப்போது ஒரு பெண் எழுந்து நின்றாள். சோல்மி.

"படு" என்றார் மேங் சார்.

"நான் அதைச் செய்யல சார்."

"படுன்னேன்."

"யாரு செஞ்சதுன்னு தெரியும். சொல்லமாட்டேன். அது வேற. ஆனா நான் செய்யாத தப்புக்கு நான் படுக்கமாட்டேன். எந்த விதியில இருக்குன்னு காட்டுங்க."

மேங் சார் அவளை நோக்கி நடந்தார். கையில் கம்பில்லை. கை மட்டும் இருந்தது. நான் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கை உயர்ந்தது, தோள் அளவுக்கு வந்தது, அங்கேயே நின்றது. சோல்மி கண்ணை மூடவில்லை.

அப்போது உன்சேயின் குரல் வந்தது. தரையில் கிடந்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"ஏய், படுடி. எங்க கை உடைஞ்சு போகுது. உனக்கு மட்டும்தான் வலிக்குதா?"

இன்னொருத்தன்: "அமெரிக்காக்காரி வந்துட்டா, விதி கேக்க!"

சோல்மி அப்பாவின் கைக்குப் பயப்படாதவள். இந்தக் குரல்களில் உடைந்துபோனாள். திரும்பி நடந்து என் அறைக்கு வந்து, ஈர உடையோடு கட்டிலில் உட்கார்ந்தாள். மேங் சார் உயர்த்திய கையைக் கீழே இறக்கி, வகுப்பைக் கலைந்து போகச் சொன்னார். அவ்வளவு நேரம் கிடந்ததற்கு ஒரு முடிவும் இல்லாமல், காரணமும் இல்லாமல் தண்டனை நின்றுபோனது. வகுப்புக்கு அது இன்னும் எரிச்சல். வெறிநாய் தன் குட்டி என்றதும் வாலைச் சுருட்டிக்கொண்டது என்று பேச்சு.

மறுநாளிலிருந்து சோல்மியிடம் யாரும் பேசவில்லை. உன்சே தன் மேஜையை ஒரு சாண் நகர்த்திக்கொண்டாள். சாப்பாட்டுக் கூடத்தில் சோல்மி தட்டோடு உட்கார்ந்தால், அந்த மேஜையில் இருந்தவர்கள் அவசரமில்லாமல், முகத்தைக்கூடச் சுளிக்காமல் எழுந்து போனார்கள். சிறிது நாளில் அவள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு மதியம் என் அறைக்கு வந்தாள். தலைவலி என்பாள். நான் என் சோற்றில் பாதியைக் கொடுத்தால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

"அங்க பேப்பர் குடுத்து வெளிய தள்ளினாங்க" என்றாள் ஒருநாள். "இங்க உள்ளேயே உட்கார வச்சு வெளிய தள்றாங்க. எது மேல் டீச்சர்?"

அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மருந்து அலமாரியை நான் பூட்டி வைக்கத் தொடங்கினேன். அவளைத் தனியாக விட்டு வெளியே போகவும் பயந்தேன். அப்படி ஒரு பயம் வந்ததும் மேங் சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. வீட்டில் அவள் பேசாததைக் கோபம் என்று நினைத்திருந்தார். முகம் கறுத்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"ஒவ்வொருத்தனையும் இழுத்துப்போட்டு..."

"போட்டு?" என்றேன். "அடிச்சா அவ பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடுவாங்களா சார்?"

உட்கார்ந்துவிட்டார். "நான் போய் அவகூட உட்கார்ந்து சாப்பிட்டா?"

"அதோட அவ கதை முடிஞ்சுது."

அன்று மாலை உன்சேயை என் அறைக்கு அழைத்து வரச் சொன்னார். தனியாகப் பேசினால் பயப்படுவாள் என்று என்னையும் இருக்கச் சொன்னார். உன்சே கன்னத்தில் அறை விழும் என்று எதிர்பார்த்துத்தான் வந்தாள். கால்களைச் சேர்த்து, பல்லைக் கடித்து நின்றாள்.

"உட்காரும்மா" என்றார் மேங் சார். அவள் உட்காரவில்லை. "சோல்மிகூட... நீ பேசினா மத்தவங்க பேசுவாங்க. உன்னைக் கேட்டுக்கறேன்."

வெறிநாய் தன்னிடம் கெஞ்சுகிறது என்பது அந்தப் பெண்ணுக்குப் புரிய சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் பயம் போய்க் கோபம் வந்தது.

"சார், அன்னைக்கு நாங்க எல்லாரும் மழையில கிடந்தோம். மினாவுக்கு மணிக்கட்டு ஒரு வாரம் வீங்கியிருந்துச்சு. ஒருத்தரும் ஆளைக் காட்டிக்குடுக்கல. அவளும் காட்டிக்குடுக்கல, சரி. ஆனா சேர்ந்து கிடந்திருக்கலாமே? எங்க வலி அவளுக்கு வேண்டாமா? அவ எந்திரிச்சதும் நீங்க நிறுத்திட்டீங்க. அப்ப நாங்க கிடந்தது எதுக்கு? அதுக்கு யாரு எங்ககிட்ட மன்னிப்புக் கேட்டா?"

ஒரு வாத்தியாரிடம் யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மேங் சாரின் காது சிவந்தது. "போ" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை அவர் அந்த வகுப்புக்குப் போனார். ஏதாவது நடந்தால் உதவும் என்று நானும் பின்னாலேயே போய் நடைபாதையில் நின்றேன். அவர் மேடையில் ஏறவில்லை. முதல் வரிசை மேஜைகளுக்கு முன்னால் தரையிலேயே நின்றார்.

"அன்னைக்கு ஒருத்தன் தப்புக்கு உங்க எல்லாரையும் மழையில போட்டேன். அது தப்பு. என் பொண்ணு எந்திரிச்சதால நிறுத்தினேன்னு நினைக்கிறீங்க. ஆமா, அதனாலதான் நிறுத்தினேன். அதுவும் தப்பு. மத்தவங்க பிள்ளை எந்திரிச்சிருந்தா அறைஞ்சிருப்பேன்." வணங்கினார். பாதி வணக்கமல்ல, இடுப்பு மடங்க.

பின்வரிசையில் யாரோ சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியிலேயே செத்துப்போனது. சோல்மி மேஜையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

ஜன்னலோரத்தில் ஜுன்தே என்ற பையன் எழுந்தான். கப்பல் பட்டறைக் கூலிக்காரர் ஒருவரின் மகன், வாசலில் அதிகம் அடிவாங்குகிறவன். "கம்பை வீசினது நான்தான்" என்றான்.

வகுப்பே இறுகியது. மேங் சார் அவனை நோக்கி நடந்தார். ஜுன்தே கண்களை மூடி, தாடையை இறுக்கி, அறைக்குத் தயாரானான். நான் கதவைத் தள்ளி ஒரு அடி உள்ளே வைத்துவிட்டேன்.

"ஏன் வீசின?"

பையன் கண்ணைத் திறந்தான். அந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. "அதுக்கு முந்தின நாள் லேட்டா வந்தேன்னு அடிச்சீங்க. அம்மாவை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்தேன். சொல்ல வந்தேன். நீங்க கேக்கல."

"உட்காரு" என்றார் மேங் சார். திரும்பி வெளியே வந்து, என்னைத் தாண்டி, படியில் இறங்கிப் போய்விட்டார்.

வகுப்பு ஒன்றும் ஓடிப்போய்ச் சோல்மியைக் கட்டிக்கொள்ளவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் என் அறைக்குத்தான் வந்தாள். அடுத்த வாரம் ஒருநாள் மதியம் வரவில்லை. நான் பதறிப்போய்ச் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினேன். மூலை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே உன்சே, வாய் நிறையச் சோறு. "உன் கிம்ச்சியைத் தொடலையே, எனக்குக் குடு. மூஞ்சியைப் பாரு, பட்டினி கிடந்து என்னை வில்லியாக்கிட்ட" என்று திட்டிக்கொண்டே சோல்மியின் தட்டிலிருந்து அள்ளினாள். சோல்மி அழுதுகொண்டே சாப்பிட்டாள். நான் ஓசைப்படாமல் திரும்பி வந்துவிட்டேன்.

மேங் சார் ஒழுங்குப் பொறுப்பைவிட்டு விலகினார். மனம் மாறி மகானாகிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். "அடிச்சிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும், இப்படி இழுத்திருக்காது" என்று என்னிடமே பலமுறை புலம்பியிருக்கிறார். வகுப்பில் சுண்ணாம்புத் துண்டை எறிவது கடைசிவரை போகவில்லை. சில வருடங்களில் சட்டம் வந்து எல்லாப் பள்ளியிலும் கம்பு போனது. அதற்குப் பதில் புள்ளிகள் வந்தன. தப்புக்குப் புள்ளி கழியும். நிறையக் கழிந்தால் குழு கூடும். குழு முடிவுசெய்தால் பிள்ளை வேறு பள்ளிக்குப் போகும்.

அப்படி ஒரு குழுவில் அவரும் இருந்தார். ஒரு பையன் இளம் ஆசிரியை ஒருத்தியின் மீது நாற்காலியைத் தூக்கி எறிந்திருந்தான். எல்லாரும் மென்மையாகப் பேசினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். பையனின் அப்பா எழுந்து நின்று எல்லாரையும் பார்த்து வணங்கிக்கொண்டே இருந்தார். மேங் சார் சொன்னார்: "இவனை அனுப்பாதீங்க. என் வகுப்புல போடுங்க. அடிக்கமாட்டேன், வெளிய தள்ளவும் மாட்டேன். எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல, ஆனா பக்கத்துல வச்சுத்தான் கத்துக்க முடியும்."

அந்த இளம் ஆசிரியை மேஜையைப் பார்த்தபடி சொன்னாள்: "சார், எனக்கு அந்தப் பையன் நடைபாதையில வந்தாலே கை நடுங்குது. அதுக்கு என்ன பதில்?"

கை தூக்கச் சொன்னபோது பையனை வைத்துக்கொள்ளலாம் என்று மேங் சார் ஒருவர்தான் தூக்கினார். பையன் ஊரின் மறுபக்கத்துப் பள்ளிக்குப் போனான். போன முதல் நாள் மேங் சார் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவனோடு பஸ்ஸில் போனார். வழி முழுக்க அவன் ஒரு வார்த்தை பேசவில்லையாம். இறங்கும்போது மட்டும், "சார், நீங்க ஏன் வந்தீங்க?" என்று கேட்டிருக்கிறான்.

"தெரியலடா. இந்த பஸ்ஸில தனியாப் போறது கஷ்டம்னு தோணுச்சு" என்றாராம்.

இப்போது ஓய்வுபெற்று எங்கள் ஊர் யுதால் மலை அடிவாரத்தில் மனைவியோடு இருக்கிறார். சோல்மி புசானில் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். பண்டிகைக்கு வருவாள், வந்தால் அப்பாவும் மகளும் டிவி சத்தத்துக்காகச் சண்டை போடுவார்கள். போன அறுவடைத் திருநாளுக்கு நான் பேரிக்காய்ப் பெட்டியோடு போனேன். ஜுன்தே வந்திருந்தான், கைக்குழந்தையோடு. குழந்தை மேங் சாரின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வீசியது. "ஏய்!" என்று அவர் போட்ட அதட்டலில் வீடே அதிர்ந்தது. ஜுன்தே பழக்கதோஷத்தில் காலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றுவிட்டான். குழந்தை மட்டும் அவரை நிதானமாகப் பார்த்துவிட்டு, மறுபடி கையை நீட்டியது.